ஆறில்லாத ஊர்: லார்ஸாக் பீடபூமியில் ஒரு பிரெஞ்சுக் கிராமம்

தென் பிரான்ஸின் லார்ஸாக் பீடபூமியில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆறு கிடையாது, ஓடை கிடையாது. பெய்கிற தண்ணீர் மேலே தங்குவதே இல்லை. ஜுராசிக் காலத்தில் கடலடியில் படிந்து உருவான சுண்ணாம்புக்கல் தரை அது. எங்கு பார்த்தாலும் வெடிப்பும் பொந்தும்தான். மழை விழுந்த கையோடு உள்ளே இறங்கி, நிலத்தடிக் குகைகளில் எங்கெங்கோ அலைந்து, கீழே பள்ளத்தாக்கில் ஊற்றாகக் கொப்பளித்து வெளியே வருகிறது. இப்படிப்பட்ட சுண்ணாம்புக்கல் பீடபூமிக்கு அந்தப் பக்கத்தில் 'கோஸ்' என்று பெயர். பெரிய கோஸ்கள் நான்கு. அவற்றில் மிகப் பெரியது லார்ஸாக். வடக்கே மியோ நகரம், தெற்கே லொதேவ் நகரம், நடுவே சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. கடல் மட்டத்திலிருந்து 600 முதல் 900 மீட்டர் உயரம்.

முதன்முதலில் பார்ப்பவருக்கு இது வெறும் பொட்டல். மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். புல் கட்டை. கல் நிறைய. குளிர்காலத்தில் காற்று ஆளைத் தள்ளும், பனி கொட்டும். கோடையில் ஒதுங்க நிழல் இருக்காது. 1970களில் பாரிஸில் இருந்த ராணுவ அமைச்சகமும் இதைப் பொட்டல் என்றுதான் நினைத்தது. அந்த நினைப்பால் நடந்த வேடிக்கையும் விபரீதமும் பின்னால் வரும். அதற்கு முன், இந்தப் பொட்டலில் மனிதர்கள் எப்படிக் குடியிருந்தார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். அதற்கு லா கூவெர்த்துவாராட் என்ற ஊரைவிட நல்ல இடம் இல்லை.

அவெய்ரோன் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது இந்த ஊர். மக்கள்தொகை இருநூறுக்கும் குறைவு, அதுவும் சுற்றியுள்ள பண்ணைவீடுகளையும் குட்டிக் குடியிருப்புகளையும் சேர்த்து. ஊரின் நடுப்பகுதியை ஒரு கல் மதில் முழுசாகச் சுற்றி நிற்கிறது. மதிலுக்குள் ஒரு கோட்டை, ஒரு தேவாலயம், சில தெருக்கள், அவற்றின் இருபுறமும் கல்வீடுகள். சாம்பல் நிறக் கல்தான் தரை, அதே கல்தான் சுவர், அதே கல்தான் கூரை. தூரத்திலிருந்து பார்த்தால் பாறை எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்பதே சட்டென்று பிடிபடாது.

மதிலுக்கு வெளியே ஒரு குளம் இருக்கிறது. அதை அங்கே 'லவோஞ்' என்பார்கள். லார்ஸாக்கில் எதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். நிலம் கொஞ்சம் பள்ளமாக இருக்கும் இடமாகப் பார்த்து, அடியில் களிமண்ணை மிதித்து இறுக்குவார்கள். அப்போதுதான் தண்ணீர் கசியாது. ஆனால் நூற்றுக்கணக்கான ஆடுகள் ஒரே நேரத்தில் இறங்கிக் குடித்தால் குளம்பு பட்டுக் களிமண் கிழிந்துபோகும். அதனால் அதன்மேல் தட்டையான கற்களை நெருக்கமாகப் பாவி, கரையிலிருந்து நடுவரை சரிவாக இறக்கிவிடுவார்கள். தண்ணீர் எவ்வளவு வற்றினாலும் ஆடு அதன் விளிம்புவரை காலில் சேறு படாமல் நடந்து போகலாம். சரிவான ஒரு பெரிய கல்தட்டு போல இருக்கும். சுற்றுப்புறத்து மழைநீர் முழுவதும் அதில் வந்து சேரும்படி தரையின் வாட்டம் பார்த்துக் கட்டியிருப்பார்கள்.

இது ஆடுகளுக்கு. மனிதர்களுக்குக் கூரைதான் மேகம். ஒவ்வொரு வீட்டின் கூரைத் தண்ணீரும் கல் வாய்க்கால் வழியாக வீட்டடித் தொட்டிக்குப் போகும். லா கூவெர்த்துவாராட்டில் தேவாலயக் கூரைத் தண்ணீரைக்கூட விடவில்லை; அதைப் பிடிக்க மதிலுக்குள்ளேயே தனியாக ஒரு கல்தொட்டி உண்டு. குழாய்த் தண்ணீர் இந்த மேட்டுக்கு ஏறியது 20ஆம் நூற்றாண்டில்தான். அதுவும் எங்கிருந்து? பீடபூமிக்குள் இறங்கி மறைந்த அதே மழைநீர், 'நான்' என்ற ஊருக்குப் பக்கத்தில் துர்ஸோன் ஊற்றாக வெளியே வருகிறது. அதை மறுபடி மேலே ஏற்றித்தான் குடிக்கிறார்கள்.

வீடுகளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மரம் அரிது என்பதால் உத்தரம் போட்டுத் தளம் அமைக்க வழியில்லை. அதனால் கீழ்த்தளத்தைக் கல் வளைவாகக் கட்டினார்கள். பல வீடுகளில் மேல்தளமும் வளைவுதான். கீழே ஆடுகள், மேலே குடும்பம். மேலே போக வெளிப்புறமாகக் கல் படிக்கட்டு. குளிர்காலத்தில் கீழிருந்து வரும் ஆட்டுச்சூடு மேல்வீட்டுக்குக் கணப்பு. கூரைக்கு ஓடு இல்லை, கல் பலகைகள்தான். அவ்வளவு கனத்தைத் தாங்கவும் அந்த வளைவுதான் கைகொடுத்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் 'எவ்வளவு அழகு' என்று படம் பிடிக்கும் ஒவ்வொன்றும் ஏதோ ஒன்று இல்லாததால் வந்தது.

சில வீட்டுக் கதவுகளில் தட்டு அளவுக்கு ஒரு காய்ந்த முள்பூ அறைந்திருக்கும். 'கார்தபெல்' என்று பெயர். தண்டே இல்லாமல் தரையோடு ஒட்டி மலரும் முட்செடி அது. காற்றில் ஈரம் கூடினால் இதழ்கள் மூடிக்கொள்ளும், வறண்டால் விரியும். பறித்துக் காயவைத்த பிறகும் இந்தக் குணம் போகாது. மேய்ப்பர்களுக்கு வானிலை அறிக்கை அதுதான். ஆட்டு ரோமத்தைச் சிக்கெடுக்கவும் இதைப் பயன்படுத்தினார்கள். இப்போது நினைவுப்பொருள் கடைகளில் இதன் படம் போட்ட தட்டும் துணியும் விற்கிறது.

இனி நிலம். பீடபூமி முழுக்கக் கல் என்றாலும், ஆங்காங்கே நிலம் உள்வாங்கி வட்டமான பள்ளங்கள் உண்டு. சுண்ணாம்புக்கல் கரைந்து போன இடத்தில் மிஞ்சிய செம்மண் அங்கே வந்து தங்கும். இவற்றை உள்ளூரில் 'சோச்' என்கிறார்கள். பார்லி, குதிரைமசால், வைக்கோல் எல்லாம் இந்தச் செம்மண் வட்டங்களில்தான். மற்றதெல்லாம் மேய்ச்சல். மே, ஜூன் மாதங்களில் மேய்ச்சல் காட்டில் ஒருவகைப் புல் வெள்ளை இறகு போல நீண்ட கதிர் விடும். காற்றடிக்கும்போது மேடு முழுவதும் வெள்ளியாக அலையடிக்கும். 'தேவதைக் கூந்தல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பார்த்தவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

இந்தப் புல்வெளி தானாக இப்படி இருப்பது கிடையாது என்பதுதான் முக்கியமான விஷயம். ஆடு மேய்வதை நிறுத்தினால் முதலில் பாக்ஸ் புதரும் ஜூனிபர் முள்ளும் ஏறும். பின்னாலேயே பைன் மரம் வரும். ஒரு தலைமுறைக்குள் புல்வெளி காடாகிவிடும். காடு நல்லதுதானே என்று கேட்கலாம். ஆனால் இந்தத் திறந்த வெளியை நம்பிய ஆர்க்கிட் செடிகளும் பூச்சிகளும் பறவைகளும் நிழலில் பிழைக்காது; பைன் காடு தீக்கும் இரையாகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆட்டின் பல்தான் இங்கே இயற்கையை எழுதியிருக்கிறது. 2011இல் யுனெஸ்கோ, கோஸ் பீடபூமிகளையும் பக்கத்துச் செவேன் மலைகளையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியபோது 'இயற்கை' என்ற தலைப்பில் ஏற்றவில்லை. மத்தியதரைக்கடல் நாடுகளின் மேய்ச்சல்-வேளாண் பண்பாட்டு நிலப்பரப்பு என்ற வகையில்தான் ஏற்றியது. சரியான வகைப்பாடு.

சரி, மதில் எப்படி வந்தது? 12ஆம் நூற்றாண்டில் லார்ஸாக்கின் பெரும் பகுதி டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவப் போர்த்துறவிகள் கைக்கு வந்தது. பக்கத்தில் உள்ள சேன்ட்-யூலாலி அவர்களின் தலைமையிடம். லா கூவெர்த்துவாராட்டில் கோட்டை கட்டியதும் அவர்கள்தான். சிலுவைப் போர்களுக்குக் குதிரை, தோல், தானியம், பணம் வேண்டும். அதற்கு இந்த மேட்டில் ஆடு, குதிரை வளர்த்தார்கள். 1312இல் போப்பாண்டவர் அந்த அமைப்பைக் கலைக்க, சொத்து ஹாஸ்பிட்டலர் என்ற இன்னொரு துறவி அமைப்புக்குப் போனது. இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போர்க்காலத்தில் கூலிப்படைக் கொள்ளையர்கள் ஊர் ஊராகச் சூறையாடியதால் 15ஆம் நூற்றாண்டில் ஹாஸ்பிட்டலர்கள் இந்த மதிலை எழுப்பினார்கள். பிரெஞ்சுப் புரட்சியோடு அவர்களும் போனார்கள். கோட்டைக் கதை இவ்வளவு போதும். வழிகாட்டிகள் ஒரு மணி நேரம் சொல்வார்கள். ஊர் உயிரோடு இருப்பதற்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

சம்பந்தம் உள்ளது சீஸ். லார்ஸாக்கின் மேற்கு விளிம்பில் கோம்பலூ என்ற பாறைமலை எப்போதோ இடிந்து சரிந்திருக்கிறது. சரிந்த பாறைகளின் இடுக்கில் உண்டான குகைகளில்தான் ரோக்ஃபோர் சீஸ் பழுக்கிறது. பாறைப் பிளவுகள் வழியாக ஈரமும் குளிர்ச்சியுமான காற்று ஆண்டு முழுக்க உள்ளே வந்து போகும். இந்தப் பிளவுகளுக்கு 'ஃப்ளேரீன்' என்று பெயர். சீஸில் நீலப்பச்சை நரம்பாக ஓடும் பூஞ்சைக்கு அந்தக் காற்று தேவை. அந்தப் பூஞ்சையைப் பழைய முறையில் ரை என்ற தானியத்தில் சுட்ட ரொட்டிகளைப் பூசணம் பிடிக்க விட்டு எடுத்தார்கள். 1666இல் துலூஸ் நீதிமன்றம், வேறு ஊரில் செய்த சீஸுக்கு ரோக்ஃபோர் என்று பெயர் வைத்து விற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 1925இல் அந்தப் பெயருக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. இன்றைய விதிப்படி லகோன் இனச் செம்மறியின் பச்சைப் பால் மட்டுமே சேர வேண்டும், வானிலை அனுமதிக்கும் நாட்களில் ஆடு வெளியே மேய வேண்டும், சீஸ் குறைந்தது 90 நாள் பழுக்க வேண்டும்.

இந்த விதிகள்தான் ஊரின் நாட்காட்டி. ஆடுகள் குளிர்காலத் தொடக்கத்தில் குட்டி போடும்படி பார்த்துக்கொள்வார்கள். சுமார் ஒரு மாதம் தாய்ப்பால் குட்டிக்கு. அதற்குப் பிறகு காலையும் மாலையும் கறவை, கோடை நடுவரை. ஒரு லகோன் ஆடு ஒரு நாளில் ஒன்றரை லிட்டர், நன்றாகக் கறந்தால் இன்னும் கொஞ்சம் தரும். ஒரு கிலோ ரோக்ஃபோருக்கு நாலரை லிட்டர் வரை பால் பிடிக்கும். ஆகவே சில நூறு ஆடு இல்லாமல் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. இப்போது எல்லாம் இயந்திரக் கறவைதான். என்றாலும் ஏழு, எட்டு மாதம் ஒரு நாள்கூட விடுப்பு கிடையாது என்பது மாறவில்லை. கோடை பிற்பாதியில் கறவை நின்ற பிறகுதான் திருமணம், பயணம், திருவிழா எல்லாம்.

பாலுக்காகக் குட்டியைச் சீக்கிரம் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள் அல்லவா, அதனால் இளங்குட்டித் தோல் இந்தப் பகுதியில் எப்போதும் மலிந்து கிடந்தது. அந்த மென்மையான தோல் கீழே மியோ நகரத்துக்குப் போய்க் கையுறையானது. ஒரு காலத்தில் பிரான்ஸின் கையுறைத் தலைநகரமே மியோதான். கையுறை போடும் வழக்கம் ஒழிந்தபின் தொழில் சுருங்கிவிட்டது. ஆடம்பர நிறுவனங்களுக்குத் தைக்கும் சில பட்டறைகள் மட்டும் மிச்சம்.

செத்த ஆட்டுக்கும் இங்கே வேலை உண்டு. 20ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் அற்றுப்போன கிரிஃபான் பிணந்தின்னிக் கழுகுகளை 1980களின் தொடக்கத்தில் மறுபடி கொண்டுவந்து பறக்கவிட்டார்கள். அவை பெருகின. இன்று பல பண்ணையாளர்கள், அரசு அனுமதியோடு, இறந்த ஆட்டைத் தங்கள் நிலத்திலேயே வேலியிட்ட ஓரிடத்தில் போட்டுவிடுகிறார்கள். கழுகுகள் சுத்தமாக முடித்துவிடும். சடலத்தை அள்ளிக்கொண்டு போய் எரிக்க லாரி வர வேண்டியதில்லை.

இத்தனை இருந்தும் ஊர் ஏன் சுருங்கியது? 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள். அவெய்ரோன்காரர்கள் பாரிஸுக்குப் போனால் நிலக்கரி சுமப்பார்கள், அப்புறம் கரிக்கடையிலேயே ஒயின் விற்பார்கள், கடைசியில் காபிக்கடை முதலாளி ஆவார்கள் என்பது அந்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பாரிஸின் பழைய காபிக்கடைகளில் நல்ல பங்கு இவர்கள் வைத்தவை. பிறகு முதல் உலகப்போர் வந்தது. பிரான்ஸின் எந்தச் சிறு கிராமத்துக்குப் போனாலும் சதுக்கத்தில் ஒரு நினைவுக்கல் நிற்கும். 1914 முதல் 1918 வரை இறந்தவர் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். ஒரே குடும்பப் பெயர் மூன்று, நான்கு முறை வருவது சாதாரணம். ஐம்பது வீடு உள்ள ஊரில் அந்தப் பட்டியல் என்ன செய்திருக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

இருந்தும் ஊர் ஊராகவே நீடித்ததற்கு ஒரு காரணம் பிரெஞ்சு நிர்வாக முறை. அந்நாட்டில் சுமார் 35,000 'கொம்யூன்' உண்டு. பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஐந்நூறு பேர்கூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர், மன்றம், 'மேரி' என்ற அலுவலகம் எல்லாம் உண்டு. திருமணப் பதிவு அங்கேதான். பிறப்பு, இறப்புப் பதிவும், கல்லறைத் தோட்டமும், கிராமச் சாலையும், கட்டட அனுமதியும் மேயரைச் சுற்றித்தான். பெரிய சம்பளம் கிடையாது. பல ஊர்களில் மேயர் காலையில் ஆடு கறந்துவிட்டு மதியம் மேரியில் கையெழுத்துப் போடுபவர். சமீபகாலம்வரை சிற்றூர்த் தேர்தலில் ஒரு தனிச் சுகம் இருந்தது: வாக்குச்சீட்டில் பிடிக்காத ஆளின் பெயரை அடித்துவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் போடலாம். யாருக்கு ஊரில் எத்தனை பகை என்பது எண்ணி முடித்ததும் தெரிந்துவிடும். 2025இல் வந்த சட்டம், ஆண் பெண் சம எண்ணிக்கையில் முழுப் பட்டியலாகவே போட்டியிட வேண்டும் என்று ஆக்கி, 2026 தேர்தலோடு இந்த அடித்தலுக்கு முடிவு கட்டியது. நியாயமான மாற்றம்தான். ஆனால் நூறு பேர் உள்ள ஊரில் பட்டியலை நிரப்ப ஆள் தேடுவது தனித் தலைவலி.

இனி அந்தப் பொட்டல் விவகாரம். லா கூவெர்த்துவாராட்டுக்கு வடமேற்கே லா காவல்ரி என்ற ஊர். அங்கே 1900களின் தொடக்கத்திலிருந்தே சுமார் 3,000 ஹெக்டேரில் ஒரு ராணுவப் பயிற்சி முகாம் இருந்தது. 1971 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் மிஷெல் தெப்ரே அதை 17,000 ஹெக்டேராக விரிவாக்கப் போவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். ஆள் குறைவு, நிலம் வறண்டது, யாருக்கும் நஷ்டமில்லை என்பது கணக்கு. கணக்குப் போட்டவர்களுக்கு ஒன்று தெரியவில்லை. 1960களில் அந்த வடக்குப் பகுதியில் இளம் விவசாயிகள் பலர் குடியேறி, கடன் வாங்கி, கறவை இயந்திரம் போட்டு, ரோக்ஃபோர் பாலில் நிமிர ஆரம்பித்திருந்தார்கள். செத்துக்கொண்டிருந்த நிலம் என்று அரசு நினைத்தது; உண்மையில் அது உயிர்பெற்றுக்கொண்டிருந்த நேரம்.

1972 மார்ச் 28 அன்று, பாதிக்கப்பட இருந்த விவசாயிகளில் 103 பேர் 'நிலத்தை விற்க மாட்டோம்' என்று கூட்டாக உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட்டார்கள். அதற்குச் சில நாட்கள் முன்புதான் அந்தப் போராட்டத்தின் குணத்தையே தீர்மானித்த ஒரு காரியம் தொடங்கியது. லான்ஸா டெல் வாஸ்தோ என்ற இத்தாலியர், 1937இல் இந்தியாவில் காந்தியிடம் தங்கியவர், காந்தி அவருக்கு 'சாந்திதாஸ்' என்று பெயரிட்டிருந்தார். லார்ஸாக்குக்குத் தெற்கே மலைக்காட்டில் ஆசிரமம் போல ஒரு குடியிருப்பை நடத்திவந்தார். அவர் லா காவல்ரிக்கு வந்து 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஊர் விவசாயிகள் முறைவைத்துத் தாங்களும் ஒவ்வொரு நாள் பட்டினி இருந்தார்கள். ரொதேஸ், மோன்பெலியே ஆயர்களும் ஒரு நாள் கூட இருந்தார்கள். இந்த விவசாயிகள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள், வலதுசாரிக் கட்சிகளுக்கு ஓட்டுப் போட்டுவந்தவர்கள். போராட்டம் என்றாலே அவர்களுக்குக் கூச்சம். ஒரு பக்கம் மாவோயிச மாணவர்கள் வந்து 'துப்பாக்கி எடு' என்ற தொனியில் பேசிக்கொண்டிருந்தபோது, அகிம்சை அவர்களுக்குப் பொருந்துகிற ஒரு வழியாகத் தெரிந்தது. காந்தியம் வெளிநாட்டில் வேரூன்றிய கதைகளில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சொல்வார்கள். லார்ஸாக்கைச் சொல்பவர்கள் குறைவு.

அதன்பின் பத்தாண்டு. ஒரு நாள் 60 ஆடுகளைக் கொண்டுபோய் பாரிஸில் ஈஃபெல் கோபுரத்தடிப் புல்வெளியில் மேயவிட்டார்கள். டிராக்டர்களில் பாரிஸுக்குக் கிளம்பினார்கள். 1973, 1974 ஆகஸ்டுகளில் பீடபூமியில் நடந்த கூட்டங்களுக்குப் பிரான்ஸ் முழுவதிலிருந்தும் பல்லாயிரக்கணக்கானோர் வந்தார்கள். 'கோதுமை வாழவைக்கும், ஆயுதம் சாகவைக்கும்' என்பது 1974 அறுவடைக் கூட்டத்தின் முழக்கம். 1978இல் 710 கிலோமீட்டர் நடந்தே பாரிஸ் போனார்கள். அந்த வட்டார மொழியான ஆக்சிதானில் 'லார்ஸாக்கை நாமே வைத்திருப்போம்' என்று பாறைகளிலும் சுவர்களிலும் எழுதினார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது லா பிளாக்கியேர் ஆட்டுக்கொட்டகை. கையகப்படுத்தப் போகிற நிலத்தில் கட்டட அனுமதி கிடைக்காது. அவர்கள் அனுமதி இல்லாமலே கட்டினார்கள். அதுவும் சும்மா தகரக் கொட்டகை போடவில்லை. கல்லிலேயே, பழைய பாணியில், தேவாலயம் அளவுக்குப் பெரிதாக. வேலைக்கு நாடு முழுவதிலிருந்தும் தன்னார்வலர்கள் வந்தார்கள். பணத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வருமான வரியில் 3 சதவீதத்தை ராணுவத்துக்குத் தர மறுத்து, அந்தத் தொகையை லார்ஸாக்குக்கு அனுப்பும் இயக்கம். ஆக, பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் போக வேண்டிய பணம் அதே அமைச்சகம் கைப்பற்ற நினைத்த நிலத்தில் கல்லாக எழுந்து நின்றது. இன்றும் நிற்கிறது.

நிலத்தைக் காப்பாற்ற இன்னொரு வேலையும் நடந்தது. 1973 முதல், விற்பனைக்கு வந்த துண்டு நிலங்களை ஆயிரக்கணக்கானோர் சிறுசிறு பங்காகச் சேர்ந்து வாங்கினார்கள். கையகப்படுத்த வேண்டுமென்றால் இத்தனை பங்குதாரர்களையும் தேடிப் பிடித்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அரசு எந்திரத்துக்கு அதன் சொந்த மருந்தையே கொடுத்த மாதிரி.

1981 மே மாதம் பிரான்ஸ்வா மித்தெரான் குடியரசுத் தலைவரானார். ஜூனில் விரிவாக்கத் திட்டம் கைவிடப்பட்டது. 1974 கூட்டத்துக்கு வந்தபோது அவர்மேல் மண்ணாங்கட்டி எறிந்தவர்களும் உண்டு என்பது வேறு விஷயம்.

பெரும்பாலான கதைகள் இங்கே முடித்துவிடுகின்றன: ஏழை விவசாயி வென்றான், ஆடு மேய்கிறது, சுபம். எனக்கு இதற்குப் பிறகு வந்த கேள்விதான் பெரிதாகப்படுகிறது. அதுவரை ராணுவம் வாங்கிக் குவித்திருந்த சுமார் 6,300 ஹெக்டேரை என்ன செய்வது? ஏலம் விட்டால் பணம் உள்ளவர் வாங்குவார்; பழைய உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்தால் பாதிப்பேர் ஊரிலேயே இல்லை. நீண்ட பேச்சுக்குப் பின், 1985இல் அரசு அந்த நிலம் முழுவதையும் விவசாயிகளே நடத்தும் ஒரு கூட்டமைப்புக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. அரசு நில உரிமையாளர். ஆனால் யாருக்கு எந்தப் பண்ணை என்பதை முடிவெடுப்பது உள்ளூர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த குழு. 2013இல் அந்தக் குத்தகை 2083 வரை நீட்டப்பட்டது.

விதிகள் எளிமையானவை, கறாரானவை. பண்ணை உங்களுக்கு, நீங்கள் உழைக்கும் காலம்வரை. ஓய்வு பெற்றால் விட்டுவிட வேண்டும். விற்க முடியாது, மகனுக்கோ மகளுக்கோ தானாகப் போகாது. பிள்ளையும் மற்றவர்களைப் போல விண்ணப்பித்து வர வேண்டும். வீடும் பண்ணையோடு சேர்ந்தது. அதில் நீங்கள் செய்த மேம்பாட்டுக்குக் கணக்குப் பார்த்து ஒரு தொகை உண்டு, ஆனால் சந்தை விலை கிடையாது. ஒருவர் கிளம்பினால் பக்கத்துப் பண்ணையாளர் நிலத்தைச் சேர்த்துக்கொண்டு பெரியவராவதைக் குழு பொதுவாக விரும்புவதில்லை. புதிதாக ஒரு குடும்பத்தைக் கொண்டுவரப் பார்க்கிறது. நாடு முழுக்கப் பண்ணைகள் ஒன்றையொன்று விழுங்கி எண்ணிக்கை சரிந்துகொண்டிருந்த அதே பத்தாண்டுகளில், இந்தக் கூட்டமைப்பு நிலத்தில் விவசாயிகள் எண்ணிக்கை கூடியதற்கு இதுதான் காரணம். செம்மறியோடு வெள்ளாடு, தேனீ, காய்கறி, ரோக்ஃபோருக்குப் பாலை ஊற்றாமல் சொந்தமாகச் சீஸ் செய்து சந்தையில் விற்பவர்கள் என்று வகைகளும் கூடின.

அரசியல் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. 1970களில் வெளியிலிருந்து வந்து ஆடு வளர்க்கத் தங்கிவிட்டவர்களில் ஜோசே போவே ஒருவர். ஹார்மோன் ஊட்டிய மாட்டிறைச்சியை ஐரோப்பா மறுத்ததற்குப் பதிலடியாக 1999இல் அமெரிக்கா ரோக்ஃபோர் சீஸுக்கு நூறு சதவீத வரி போட்டது. ஆகஸ்டில் அவரும் கூட்டாளிகளும் மியோவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையைப் பகல் வெளிச்சத்தில், குழந்தை குட்டிகளோடு போய், பிரித்துப் போட்டார்கள். அவர் சிறைக்குப் போனார். பிற்பாடு ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

அதன்பின் மியோவுக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது பாலம். 2004 டிசம்பரில் திறந்த மியோ பாலம் தார்ன் பள்ளத்தாக்கைச் சுமார் 270 மீட்டர் உயரத்தில் தாண்டி லார்ஸாக்கில் வந்து இறங்குகிறது. பாரிஸிலிருந்து மத்தியதரைக்கடலுக்குப் போகிற நெடுஞ்சாலை லா கூவெர்த்துவாராட்டுக்கு மிக அருகிலேயே ஓடுகிறது. கோடையில் வண்டிகள் திரும்பி ஊருக்குள் வரும். மதிலுக்குள் மண்பாண்டக் கடை, தோல் கடை, ஐஸ்கிரீம், சிற்றுணவகம் எல்லாம் திறக்கும். அக்டோபர் வந்தால் மூடும். குளிர்கால மாலையில் மதிலுக்குள் விளக்கெரியும் வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். மற்றவை கோடைக்கு மட்டும் வருபவர்களுடையவை. பழுது பார்த்துக் கூரையைக் காப்பாற்றியவர்களும் அவர்கள்தான் என்பதால் ஊர்க்காரர்கள் முழுசாகக் குறைசொல்வதும் இல்லை. ஆனால் வீட்டு விலை ஏறியதும் அவர்களால்தான். இங்கே வேலை பார்க்க வரும் இளம் குடும்பத்துக்கு வாடகைக்கு ஒரு வீடு கிடைப்பது ஆட்டுப்பண்ணை கிடைப்பதைவிடக் கடினம்.

லா காவல்ரியில் நடந்தது இன்னொரு வேடிக்கை. பழைய முகாம் எப்போதும் மூடப்படவில்லை. 2016இல் அதற்கு, பிரெஞ்சு ராணுவத்தில் வெளிநாட்டவர் சேரும் 'வெளிநாட்டுப் படையணி'யின் ஒரு பிரிவு வந்து சேர்ந்தது. வீரர்கள் குடும்பத்தோடு வந்ததால் ஊர் பெருத்தது, பள்ளியில் பிள்ளைகள் கூடினார்கள், கடைகளுக்கு வியாபாரம். ராணுவத்தை விரட்டிய பீடபூமியில் ஊருக்கு மக்களைக் கொண்டுவந்தது ராணுவம். பழைய போராளிகளில் சிலர் முணுமுணுத்தார்கள். மற்றவர்கள் 3,000 ஹெக்டேர் தாண்டாதவரை சரி என்றார்கள்.

மேய்ச்சல் நிலத்தில் இப்போதைய கவலைகள் வேறு. ஓநாய் திரும்பி வந்துவிட்டது. ஆல்ப்ஸில் காவல் நாய் வைத்துச் சமாளிக்கிறார்களே என்றால், இங்கே பகலில் புதர் மறைவுள்ள அகன்ற மேட்டில் மேய்ந்து, கறவைக்குத் திரும்பும் பாலாடுகள். வேலி போட முடியாத பரப்பு. பயந்து ஆட்டைக் கொட்டகையிலேயே வைத்துத் தீனி போட்டால், ரோக்ஃபோர் விதியும் கெடும், புல்வெளியில் புதரும் ஏறும். கோடை வறட்சி முன்னைவிட நீள்கிறது; லவோஞ் வற்றும்போது குழாய்த் தண்ணீரை வண்டியில் கொண்டுபோய் ஊற்ற வேண்டியிருக்கிறது. ரோக்ஃபோர் விற்பனையும் பழையபடி இல்லை. அந்தக் கார நெடி இளையவர்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பெரிய ஆலைகள் வாங்கும் பாலில் ஒரு பகுதி மிருதுவான வேறு சீஸ்களுக்குப் போகிறது.

1980களில் முதல் குத்தகை எடுத்த தலைமுறை இப்போது முழுசாக ஓய்வுக்கு வந்துவிட்டது. பிரான்ஸில் விவசாயி ஓய்வூதியம் சொற்பம். மற்ற இடங்களில் நிலத்தை விற்ற பணம் முதுமைக்கு உதவும். இவர்களுக்கு அது இல்லை. பிள்ளை வளர்த்த வீட்டை விட்டு வெளியேறி, ஏற்கெனவே வாடகை வீடு கிடைக்காத ஒரு பீடபூமியில் வேறு கூரை தேட வேண்டும். விதி போடும்போது எல்லோருக்கும் வயது முப்பது. ஓய்வுபெற்றவர்கள் பக்கத்திலேயே தங்க ஏதாவது கட்டித் தரலாமா, பண்ணையிலேயே ஒரு பகுதியில் இருக்க விடலாமா, அப்படி விட்டால் புதிதாக வரும் குடும்பம் எங்கே போகும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள்.

இந்த வாக்குவாதத்தில் எந்தப் பக்கமும் தவறு சொல்ல முடியவில்லை. ஆனால் அங்கே புல்வெளி நிற்பதா, பைன் ஏறுவதா என்பது கடைசியில் இந்த வீட்டுக் கணக்கில்தான் தீரும். ஆடு மேய்க்க ஆள் வேண்டும், ஆளுக்குக் கூரை வேண்டும்.